650 ரூபா ஒழுக்கப் புத்தகம்: ஓர் அச்சுக்காரனின் மதிப்புரை

முதலில் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டை 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்கிற எடை அளவு) ஆர்ட் போர்ட், மேலே பளபளப்பு லமினேஷன். உள்ளே 80 ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாள், 96 பக்கம், எங்கள் கணக்கில் 16 பக்கம் ஒரு ஃபோர்ம், ஆகச் சரியாக ஆறு ஃபோர்ம். பின் அடிக்காமல் நூலால் தைத்துக் கட்டியிருக்கிறார்கள். திருகோணமலையில் அச்சு வேலை செய்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். இங்கே கடற்காற்று ஒரு மாரி முடிவதற்குள் பின்னைத் துருவாக்கி, நடுப்பக்கத்தில் செம்மஞ்சள் கறையை இறக்கிவிடும். கோயில் திருவிழா மலரிலிருந்து இறந்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் வரை எத்தனையோ புத்தகம் அந்தக் கறையோடு திரும்பி வந்து எங்கள் முதலாளியிடம் பேச்சு வாங்கித் தந்திருக்கிறது. இந்தப் புத்தகத்துக்கு அந்தப் பயம் இல்லை. வேலை செய்த அச்சகம் எதுவோ, கைசுத்தமான வேலை.

பெயர் 'மாணவர் ஒழுக்கப் பதிவேடு'. நகரத்தில் ஒரு தனியார் பாடசாலை வருட ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று விற்கிறது. விலை 650 ரூபா. வாங்காமல் விட ஏலாது, கட்டணப் பற்றுச்சீட்டிலேயே சேர்ந்து வந்துவிடும். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள், ஆகவே வீட்டில் இரண்டு பிரதி. மூத்தவள் தரம் 8. அவளுடைய பிரதி கடையிலிருந்து நேற்று வாங்கி வந்தது மாதிரி இருக்கிறது. சின்னவன் தரம் 4. அவனுடைய பிரதியில் பாதிப் பக்கம் சிவப்பு மை.

பாடசாலையின் பெயரைக் கேட்காதீர்கள், பிள்ளைகள் இன்னும் அங்கே படிக்கிறார்கள். நான் மதிப்பிடுவது புத்தகத்தைத்தான். இதே அச்சில் வார்த்த புத்தகங்கள் வேறு பாடசாலைகளிலும் உண்டு. எங்கள் மேசைக்கே வேலையாக வந்திருக்கின்றன.

சரி, உள்ளே போவோம்.

மூன்றாம் பக்கம் பெற்றார் உறுதிமொழி. 'எல்லா விதிகளையும் வாசித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, கீழே கையொப்பம். விதிகள் தொடங்குவது ஐந்தாம் பக்கத்தில். வாசிப்பதற்கு முன்பே ஒப்பம் கேட்கிற அமைப்பு. வங்கிக் கடன் படிவத்தில் கூட ஒப்பம் கடைசியில்தான் இருக்கும்.

விதிகளுக்கு இலக்கம் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை நியாயமானவை. அடிக்கக் கூடாது, களவெடுக்கக் கூடாது, மற்றப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைத் தொடக் கூடாது. இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. நான் நின்று வாசித்தவை வேறு. 7ஆம் இலக்கம், அனுமதியின்றி ஆசனத்தை விட்டு எழுதல், 2 புள்ளி. 9, கூப்பிட்டவுடன் திரும்பாமை, 1 புள்ளி. 11, பேசும்போது ஆசிரியரின் கண்ணைப் பாராமை, 1 புள்ளி. 12, கேட்டவுடன் பதில் சொல்லாமை, 1 புள்ளி. 14, ஒரே பொருளை இரண்டாம் முறை மறந்து வருதல், 2 புள்ளி. 16, பாட நேரத்தில் மலசலகூடம் போக அடிக்கடி அனுமதி கேட்டல், 1 புள்ளி.

11ஐப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் படித்த காலத்தில் வாத்தியாரின் கண்ணைப் பார்த்தால்தான் அடி விழும், திமிர் என்பார்கள். இப்போது பாராவிட்டால் புள்ளி போகிறது. ஆனால் ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கண்ணுக்குக் கண் பார்ப்பதே பெரிய தொல்லை. பார்க்கச் சொல்லி வற்புறுத்தினால் பேசியது காதில் ஏறாது. 9ஆம் இலக்கத்தில் காது மெசின் போடுகிற பிள்ளை மாட்டும். 12இல் கொன்னைப் பிள்ளை மாட்டும், முதல் எழுத்து வாயை விட்டு வருவதற்குள் புள்ளி போயிருக்கும். 16இல் சின்ன வயதிலேயே சீனி வருத்தம் வந்து இன்சுலின் ஏற்றுகிற பிள்ளை மாட்டும். சீனி கூடினால் சிறுநீர் அடிக்கடி வரும், அது அந்த நோயின் குணம். 7இலும் 14இலும் என் மகன் மாட்டுகிறான்.

இந்த விதிகளை எழுதியவர் எந்தப் பிள்ளையையும் வெறுத்து எழுதவில்லை என்று நான் நம்புகிறேன். எழுதும்போது ஒரே ஒரு மாதிரிப் பிள்ளையை மனதில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மூத்தவள் மாதிரி ஒரு பிள்ளை.

சின்னவனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமல், ஓரிடத்தில் இருக்க ஏலாமல் துருதுருவென்று இருக்கிற நிலை என்று கிளினிக்கில் சொன்னார்கள். மூளை வளர்கிற விதத்தில் வருகிற வித்தியாசம் இது, வளர்ப்புக் குறையல்ல என்று டொக்டர் எனக்குச் சொன்னதை விட என் அம்மாவுக்குத்தான் அதிக நேரம் சொன்னார். பாடசாலைக்குக் கடிதமும் தந்தார். முன் வரிசையில் இருத்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், பாடத்துக்கு ஒரு தடவையாவது எழும்ப விடுங்கள், கரும்பலகை துடைக்கவோ கொப்பி சேர்க்கவோ அனுப்பினால் போதும். நாலு வரிக் கடிதம். பாடசாலை அதை மரியாதையாக வாங்கி ஃபைலில் போட்டது. ஃபைல் அலுமாரியில் இருக்கிறது, புத்தகம் மேசையில் இருக்கிறது. ஆசிரியை கையில் எடுப்பது புத்தகத்தைத்தான்.

புள்ளி முறையின் பெரிய பிழை கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பிள்ளை 20 புள்ளியோடு தொடங்கும். பிழைக்குக் கழிப்பார்கள். நல்லது செய்தால் கூட்டுவதற்கு ஒரு நிரல் கூட இல்லை. என் மகன் எழும்புகிற வேகத்துக்கு, மாதம் பிறந்து இரண்டாம் கிழமையே கணக்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் அமைதியாக இருந்தாலும் ஒன்றுதான், மேசை மேல் ஏறி நின்றாலும் ஒன்றுதான். இழக்க ஒன்றுமில்லாதவனைப் பிடித்து வைக்க இந்தப் புத்தகத்திடம் வழி இல்லை. கெட்டிக்காரத்தனமான தண்டனை என்று கூட இதைச் சொல்ல முடியாது.

10க்குக் கீழே போனால் அடுத்த மாதம் விளையாட்டுப் பாடம் இல்லை, வகுப்பிலேயே இருந்து எழுத வேண்டும். ஓடித் திரிந்தால்தான் அடுத்த பாடத்தில் கொஞ்சம் இருப்பான் என்று டொக்டர் சொன்ன பிள்ளையிடமிருந்து முதலில் பறிப்பது ஓட்டத்தை. 5க்குக் கீழே போனால் சுற்றுலா இல்லை. போன தவணை வகுப்போடு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனார்கள், இவன் போகவில்லை. பிறகு நானே மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு கிணற்றிலும் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு, "எல்லாம் வேற வேற சூடு அப்பா" என்று வரிசைப்படுத்திச் சொன்னான், எது கூட, எது குறைய என்று. வகுப்பு எழுதிய சுற்றுலாக் கட்டுரைகளில் அந்த விசயம் இருந்ததா தெரியாது. புத்தகத்தில் அதை எழுத இடமில்லை என்பது தெரியும்.

இடம் என்றதும் தொழில் புத்தி வருகிறது. பதிவுப் பக்கத்தின் அட்டவணையைப் பாருங்கள். திகதி, விதி இலக்கம், கழித்த புள்ளி, ஆசிரியர் ஒப்பம், பெற்றார் ஒப்பம், கடைசியில் 'குறிப்பு'. பெற்றார் ஒப்பத்துக்கு இரண்டு விரல் அகலம், குறிப்புக்கு ஒரு விரல். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, யார் பென்சிலைப் பறித்தது, எத்தனை நேரமாகப் பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது, ஒன்றையும் அந்த ஒரு விரலுக்குள் எழுத முடியாது. ஆகவே எழுதுவதும் இல்லை. '7. -2.' அதோடு சரி. நான் தினமும் அதற்குக் கீழே ஒப்பம் வைத்தேன். எதற்கு வைக்கிறேன் என்று தெரியாமல் வைத்த ஒப்பங்கள்தான் அதிகம்.

அதிபரைப் போய்ச் சந்தித்தேன். கெட்ட மனுசி இல்லை. 38 பிள்ளைகள், ஒரு ஆசிரியை, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மின்விசிறிக்குக் கீழேயும் வியர்க்கிற வகுப்பறை. இவனை எழும்ப விட்டால் மற்றப் பெற்றார் வந்து நிற்கிறார்களாம், 'அவனுக்கு மட்டும் ஏன்' என்று.

"ஒரு பிள்ளைக்கு ஒரு விதி, இன்னொரு பிள்ளைக்கு இன்னொரு விதி வைக்க ஏலாது. எல்லாருக்கும் சமமாக இருக்க வேணும்" என்றார்.

"மேடம், நான் அச்சகத்தில வேலை செய்யிறன். எல்லாத் தாளுக்கும் ஒரே அளவு மை விட்டால், நியூஸ்பிரிண்ட் ஊறிக் கிழியும், ஆர்ட் தாள் காயாமல் மற்றத் தாளில ஒட்டும். தாளுக்குத் தக்க மாதிரி மையைக் குறைச்சுக் கூட்டினால்தான் ரெண்டிலயும் எழுத்து ஒரே மாதிரித் தெரியும்" என்றேன்.

"தாளும் பிள்ளையும் ஒன்றா அண்ணா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விதி மாறவில்லை.

நான் பிடிவாதமாக ஒன்று கேட்டேன். பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் கொடுக்கிறது. நாடு முழுக்க ஒரே வினாத்தாள், ஒரே நாள், அவ்வளவு கறாரான பரீட்சையே ஒரு பிள்ளைக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறது. நாற்காலியை விட்டு எழும்புகிற விசயத்தில் உங்களால் ஏன் முடியாது? அதற்குப் பதில் 'யோசிப்போம்' என்று வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எனக்கு வேலை வழியாகத் தெரிய வந்தது. டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எங்களிடம் அச்சுக்கு வந்தது, புரூஃப் பார்த்தது நான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவு. வேலைக்கு எடுப்பதிலும், எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்ப்பதிலும், இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். எழுத்துப் பிழை தேட வேண்டியவன் வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். 'எந்தக் கல்வி நிறுவனத்திலும்' என்றால் தனியாரும் உள்ளே. நல்லது. ஆனால் பேசுவது சேர்ப்பதைப் பற்றி மட்டும். சேர்த்த பிறகு வகுப்பறையில் நடப்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை.

எங்களிடம் லெட்டர்ஹெட் அடிக்கிற ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். இன்னொரு சிக்கலையும் காட்டினார். அந்தச் சட்டத்தில் இயலாமை உள்ளவர் என்றால், உடல் அல்லது மனக் குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர். என் மகன் தானே குளிக்கிறான், தானே சாப்பிடுகிறான், கேட்டால் எனக்கும் தேத்தண்ணி போட்டுத் தருவான். எதிர்த்தரப்பு அதை வைத்தே வாதாடும் என்றார். இலங்கை ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை பிள்ளையின் தேவைக்கு ஏற்ப நியாயமான அளவில் ஏற்பாடுகளை மாற்றிக் கொடுக்கச் சொல்கிறது. அதற்கேற்றபடி உள்ளூர்ச் சட்டம் விரியவில்லை என்பது அவருடைய மனக்குறை.

அரச பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சின் 12/2016 என்ற சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. 2021இல் உயர் நீதிமன்றமும், ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது. சர்வதேசப் பாடசாலை என்ற பெயரில் நடப்பவை பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை, அமைச்சின் சுற்றறிக்கை அவற்றின் மேசைக்கு நேராகப் போவதில்லை. இருந்தாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்தப் பாடசாலையில் யாரும் என் மகனை அடித்ததில்லை. பிரம்பு போய்விட்டது. அந்த இடத்துக்குப் புள்ளி வந்திருக்கிறது, அதற்குத் தழும்பு இல்லாததால் யாரும் கேட்பதில்லை.

லண்டன் ஹரோவில் இருக்கிற தங்கச்சி அங்கே ஒரு பாடசாலையில் உதவியாளர். வட்ஸ்அப்பில் புத்தகப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். இரவு முழுக்கக் குரல் பதிவாகக் கொட்டினாள். அங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சேர்ப்பதோடு நிற்பதில்லை, படிப்பிப்பது, வெளியேற்றுவது எல்லாவற்றையும் பிடிக்கிறது. அன்றாட வேலைகளில் கணிசமான, நீண்டகாலப் பாதிப்பு இருந்தால் இயலாமை என்ற கணக்கு. நீண்டகாலம் என்றால் 12 மாதம். பாடசாலை தன் நடைமுறையை நியாயமான அளவில் மாற்றிக் கொடுக்காவிட்டால் அதுவே பாகுபாடு. நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அந்த மன்றம் பாடசாலைக்கு எதிரான வழக்கில் காசு வாங்கித் தராது. மன்னிப்புக் கடிதம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, விதியைத் திருத்துவது, இப்படித்தான் உத்தரவு வரும். எனக்கு அது பிடித்திருந்தது. 650 ரூபாவைத் திருப்பித் தரும்படி நானும் கேட்கவில்லையே, 7ஆம் இலக்கத்தைத் திருத்தச் சொல்லித்தானே கேட்கிறேன்.

அங்கேயும் ஓட்டை இருந்ததாம். மற்றவரைத் தாக்குகிற சுபாவம் என்றால் அது இயலாமைக் கணக்கில் வராது என்று ஒரு விதி. ஓட்டிசத்தால் கை ஓங்குகிற பிள்ளை அந்த இடத்தில் பாதுகாப்பை இழந்துவிடும். 2018இல் மேல் தீர்ப்பாயம், அந்த விதியை இப்படிப்பட்ட பாடசாலைப் பிள்ளைகள் மேல் பிரயோகிப்பது மனித உரிமைக்கு ஒவ்வாது என்று சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது. "ஆனா அண்ணா, இஞ்சையும் தேனும் பாலும் ஓடேல்ல. விசேட தேவையுள்ள பிள்ளையளைத்தான் கூட வெளியில அனுப்புறாங்கள்" என்று முடித்தாள். சட்டம் இருக்கிற ஊரிலும் அப்படி.

பிறகு நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கலியாணக் கார்ட் வெட்டி மிஞ்சிய ஐவரி போர்ட்டில் ஒரு நாள் அட்டை அடித்தேன். யோசனை என்னுடையதல்ல, ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தினசரி அட்டை நீண்டகாலமாகப் பாவனையில் இருக்கிறது என்று டொக்டர் சொன்னது. மூன்றே மூன்று இலக்கு: கையை உயர்த்திவிட்டுப் பேசு, எழும்ப வேண்டுமென்றால் நீல அட்டையைக் காட்டு, கொப்பியைப் பைக்குள் வை. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் சரி போட ஒரு பெட்டி. பிழை போடப் பெட்டி இல்லை. கீழே மூன்று விரல் அகலத்தில் 'முன்னால் என்ன நடந்தது'. வீட்டுக்கு வந்ததும் எண்ணிப் பார்த்து, போதுமான சரி இருந்தால் அன்று மாலையே டச்பே கடற்கரையில் பட்டம். மாதக் கடைசி வரை காத்திருக்கிற பரிசு இவனுக்குப் பரிசே அல்ல.

வகுப்பாசிரியை இளம் பிள்ளை. அதிபருக்குச் சொல்லிவிட்டா செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவர் வாங்கிப் பாவிக்கிறார். இடைவேளைக்கு முன் நன்றாகப் போகிறது. இடைவேளைக்குப் பின் அவ்வளவாக இல்லை, வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மூன்று விரல் இடத்தில் ரீச்சர் எழுதுகிறார். 'சித்திரப் பாடம் இரண்டு பாடவேளை, எழும்பவே இல்லை' என்று ஒரு நாள். 'பக்கத்துப் பிள்ளை கொம்பாசால் குத்தியது, பிறகுதான் எழும்பினான்' என்று இன்னொரு நாள். அதே நாள் பதிவேட்டில் '7. -2' என்றும் இருந்தது, அது வேறு பாடத்து ஆசிரியர் போட்டது.

ஆக மதிப்பெண். தாள், கட்டு, அச்சு மூன்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. அட்டவணை அமைப்புக்கு இரண்டு. உள்ளடக்கத்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் அடிக்கக் கூடாது, களவெடுக்கக் கூடாது என்ற பக்கத்துக்காக. மூத்தவள் மாதிரிப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் தேவையில்லை, சின்னவன் மாதிரிப் பிள்ளைக்கு இது உதவாது. அப்படியென்றால் யாருக்காக அடித்தார்கள் என்று பெற்றார் சந்திப்பில் ஒரு தகப்பன் கேட்டார், நான் அல்ல.

உங்கள் பிள்ளைக்கும் இப்படியொன்று வந்தால் மூன்றாம் பக்கத்தில் உடனே ஒப்பம் வைக்காதீர்கள். விதிகளை வாசித்து, பிள்ளையின் இயலாமையோடு முட்டுகிற இலக்கங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். உறுதிமொழிக்குக் கீழே, 'இணைத்துள்ள வைத்தியக் கடிதத்துக்கு அமைய 7, 14 தவிர' என்று பேனையால் எழுதி, பிறகு ஒப்பம் வையுங்கள். கடிதத்தின் பிரதியை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள், பின் அடித்தால் துருப்பிடிக்கும். அலுவலகத்தில் திகதி முத்திரை கேளுங்கள். நான் இந்த வருடம் அப்படித்தான் கொடுத்தேன். முத்திரை குத்தித் தந்தார்கள், யாரும் மறுக்கவில்லை. வாசித்தார்களா என்பது வேறு கேள்வி.

அடுத்த வருடப் பதிவேட்டுக்கு விலை கேட்டு எங்கள் அச்சகத்துக்கும் கடிதம் வந்திருக்கிறது. முதலாளிக்குச் சந்தோசம், தாள் விலை ஏறியதிலிருந்து பெரிய வேலைகள் குறைவு. கணக்குப் போடச் சொன்னார், போட்டேன். அவர்கள் கேட்டது 96 பக்கத்துக்கு. கூடவே 100 பக்கத்துக்கும் ஒரு விலை எழுதி, 'பிள்ளைக்குத் தேவையான மாற்றங்கள் - ஆசிரியர், பெற்றார் சேர்ந்து நிரப்புவது, 4 பக்கம்' என்று மாதிரி ஒன்றும் வைத்து அனுப்பியிருக்கிறேன். பிரதிக்கு 9 ரூபாதான் கூடுகிறது.